அடுப்படியிலிருந்து புறப்பட்ட சொல்

விண்மீன்களுக்கு நடுவே கிடக்க வேண்டிய மேகம் ஒன்று, தை மாதக் கடைசியில், பால்காரர் வந்துபோய்க் குடியிருப்பு விழித்துக்கொண்ட நேரத்தில், சட்டிக்கரட்டுக்குள் இறங்கி உட்கார்ந்தது. மலையிலிருந்து வழிந்த பனிமூட்டம் என்றுதான் முதலில் நினைத்தோம், ஆனால் அது எதையும் நனைக்கவில்லை, கொடியில் கிடந்த துணிகள் அதற்குள்ளேயே காய்ந்தன, வாசலில் போட்ட கோலம் கலையவில்லை, குளிர் மட்டும் தோலில் படாமல் நேராக எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டது, பலாப்பழம் ஊசிச் சாராயமாகத் தொடங்கும்போது வருமே அந்த வாசம் காற்றில் லேசாக இருந்தது. கேன்டீன் முத்தையா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ஊரே இப்படி மணந்தால் இனி வீட்டில் தன் வாயை மோந்து பார்க்க வழியில்லை என்று சொன்னார். சொன்னது பக்கத்து மேசையில் இருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. சில நாள் கழித்து, கேன்டீன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவர் மனைவிக்குத்தான் அது முழுதாகக் கேட்டது.

சட்டிக்கரட்டில் சுற்றிலும் கரடு என்கிற சிறு குன்றுகள், நடுவில் பள்ளம், பள்ளத்துக்கு நடுவே வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும் பெரிய அலைவாங்கி. பக்கத்து ஊர்க்காரர்கள் அதை மல்லாக்குடை என்பார்கள். ஊர்களின் இரைச்சலைக் கரடுகள் மறித்துவிடும் என்பதால் அரசாங்கம் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, நிலையத்தைக் கட்டி, அதில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்றையொன்று ஒட்டிய ஓட்டு வீடுகளையும் ஒரு பள்ளிக்கூடத்தையும் கட்டிக் கொடுத்திருந்தது. கோள்களுக்குப் போன விண்கலங்கள் சொல்வதைக் கேட்பது எங்கள் வேலை. அவ்வளவு தொலைவிலிருந்து வரும் சொல்லில் வலு என்று ஒன்றும் மிச்சமிருக்காது, ஒரு கொசு சிறகடிப்பது அதைவிடப் பெரிய சங்கதி. ஆனாலும் வந்து சேரும். நாங்கள் முறைபோட்டு உட்கார்ந்து அதை வாங்கிக்கொள்வோம்.

இறங்கியிருப்பது என்ன மேகம் என்று முதலில் கண்டுகொண்டவர் இளவரசு. எங்களில் மூத்தவர், அலைவாங்கிப் பிரிவின் பொறுப்பாளர், ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வானவியல் சொல்லிக்கொடுப்பவர். பால்வீதியில் கறுப்பாகத் தெரியும் திட்டுகள் விண்மீன் இல்லாத ஓட்டைகள் அல்ல என்றும், பின்னால் இருக்கும் விண்மீன்களை மறைத்துக்கொண்டு நிற்கும் மேகங்கள் என்றும் அவர் வருடா வருடம் சொல்வார். அதில் இருப்பது வாயுவும் விளக்குக் கரியைவிடப் பொடியான தூசியும்தான், ஆய்வுக்கூடத்தில் நாம் உண்டாக்கும் வெற்றிடத்தைவிட மெல்லிசு, ஆனால் ஒளியே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர வருடக்கணக்கில் ஆகும் அகலம், அந்த அகலத்தால்தான் மறைக்கிறது என்பார். அதற்குள் இருக்கும் குளிரில் வாயு ஓட்டம் நின்றுபோய், நின்றதால் தன் கனம் தாங்காமல் தனக்குள்ளேயே சரிந்து, சரிந்து சரிந்து ஒரு காலத்தில் பற்றிக்கொள்ளும், நம் சூரியனும் அப்படிப் பற்றிக்கொண்டதுதான் என்பார். அந்த மேகங்களில் சாராயம்கூட உண்டு என்று அவர் சொல்லும் இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவர் சிரிக்காமல் அடுத்ததைச் சொல்வார்.

அன்றைக்கு அவர் ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டி, ஒட்டிய தூசியை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நிலைய இயக்குநர் வேதமூர்த்தியின் அறைக்குப் போய், சொல்லிப் பார்த்து, கேட்காமல் போகவே நெருங்கி, மறுபடி சொல்லி, இன்னும் நெருங்கி, கடைசியில் இயக்குநரின் காதில் உதடு படும் அளவுக்குக் குனிந்தபோதுதான் சொன்னது போய்ச் சேர்ந்தது. இது நம்ம மேகம் இல்லை சார், மேலே இருப்பது என்றார். இயக்குநர் தலையாட்டினார். தலைமையகத்துக்கு அறிக்கை போயிற்று. அப்படி ஒரு மேகம் தரையில் இருக்க வழியில்லை, திருத்திய அறிக்கை அனுப்பவும் என்று பதில் வந்தது. நாங்கள் மூட்டம் என்று திருத்தி அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தோம்.

ஏனென்றால் அதற்குள் பார்க்க வேண்டிய வேலை நிறைய இருந்தது. அந்த மேகத்துக்குள் குரல் மெல்ல நடந்தது. வெளிச்சத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, எதிர்வீட்டுக்காரர் வாயசைப்பது நன்றாகத் தெரிந்தது, ஆனால் அவர் சொன்னது கையெட்டும் தூரம் கடக்க ஏறக்குறைய ஒரு பகல் எடுத்துக்கொண்டது. காதோடு வாய் வைத்தால் மட்டும் உடனே கேட்டது. கைபேசிகளில் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. முதல் நாள் ஊர் முழுவதும் செவிடாகிவிட்டோம் என்று மருந்தகத்தில் வரிசையில் நின்றோம், மருத்துவரும் தன் காதைத் தட்டிப் பார்த்துக்கொண்டு எங்களோடு நின்றார். இரண்டாம் நாள் பழகிக்கொண்டோம். வேண்டியவர் வேண்டாதவர் எல்லோரும் ஒருவர் காதில் ஒருவர் குனிந்தோம். காய்கறிக்காரர் ஒவ்வொரு வாசலிலும் இறங்கி ஒவ்வொரு காதிலும் கத்தரிக்காய் என்று சொல்லிவிட்டுப் போனார். வருடக்கணக்கில் பேசாதிருந்த இரண்டு எழுத்தர்கள் கோப்பு விஷயமாகப் பேச வேண்டிவந்து, ஒருவர் தலையெண்ணெய் வாசம் மற்றவருக்குத் தெரியும் நெருக்கத்தில் நின்று, பழைய பகையை அப்படியே வைத்துக்கொண்டு பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் ரெஜினா டீச்சர் நடத்திய பெருக்கல் வாய்ப்பாடு முதல் பெஞ்சுக்கு மறுநாளும் கடைசி பெஞ்சுக்கு அடுத்த வாரமும் போய்ச் சேர்ந்தது. இதற்கு முன்பு மட்டும் என்ன வாழ்ந்தது என்று டீச்சர் சொன்னார்.

சொன்ன சொல் போய்ச் சேரும்வரை வழியில் கிடந்தது. அதுதான் பழகக் கொஞ்சம் கடினமாக இருந்தது. தெருவில் நடந்துகொண்டிருக்கும்போது யாரோ யாரையோ நேற்றுத் திட்டியது காதில் மோதும். அது நமக்கில்லை என்று தெரிந்தாலும் முகம் சுருங்கிவிடும். சொல் கிடக்கும் இடத்தில் கையை நீட்டினால் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன, அதை வைத்து இடத்தைக் கண்டுகொண்டு ஒதுங்கி நடந்தோம். வேகமாக ஊடே போனால் சொல் உடைந்தது, சேர வேண்டியவருக்குத் துண்டுதுண்டாகத்தான் போய்ச் சேர்ந்தது, அதனால் சில வீடுகளில் பெரிய சண்டைகள் வந்தன. பிறகு நாங்களே ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டோம். ஒருவர் சொல்லை இன்னொருவர் எடுத்துப் போய்க் கொடுக்கக் கூடாது. வழியில் கிடப்பதை மிதிக்கக் கூடாது. ஒரு சொல் வந்துகொண்டிருக்கிறது என்று உரியவரிடம் தெரிவிக்கலாம், என்ன சொல் என்று தெரிவிக்கக் கூடாது. யார் இதை முதலில் சொன்னார்கள் என்று நினைவில்லை. கீழ்த்தெருவில் காவலாளி ஒருவரின் அம்மா இறந்தபோது அழுத அழுகை பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் மேல்தெருவுக்கு வந்தது. நாங்கள் கதவைத் திறந்து வைத்து, வாசலில் நாற்காலி போட்டு, அது கடந்துபோகும்வரை உட்கார்ந்திருந்தோம். எங்களில் யாருக்கும் கண்ணீர் வரவில்லை. உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

இப்படி ஊரே ஒருவரையொருவர் நெருங்கி நின்ற அந்த நாட்களில் நெருங்காமல் இருந்தவர்கள் இரண்டே பேர். இளவரசுவும் அவர் மனைவி அங்கயற்கண்ணியும். அவர்கள் பேசிக்கொள்வது மேகம் வருவதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

அந்தக் கதை உள்ளானிலிருந்து தொடங்குகிறது. உள்ளான் என்பது குளிர்காலத்தில் நம் குளக்கரைகளுக்கு வந்து ஓடித் திரியும் சின்னப் பறவை. சனிக்கோளுக்கு அனுப்பிய விண்கலத்துக்கு அந்தப் பேரை வைத்திருந்தார்கள். போயும் போயும் சனிக்கா அனுப்ப வேண்டும் என்று குடியிருப்பில் பெண்கள் முணுமுணுத்தார்கள், சனிக்கிழமைதோறும் நிலையத்தின் பின்புறப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் எள் விளக்கு ஏற்றினார்கள். இளவரசு பகுத்தறிவு வீட்டில் வளர்ந்தவர், கேலி செய்தார். அங்கயற்கண்ணி, போவது சனிபகவான் வீட்டுக்கு, ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நன்றாகவா இருக்கும் என்று சொல்லிவிட்டு ஏற்றினாள். அப்போது அவள் ஐந்து மாதக் கர்ப்பம். உள்ளான் கிளம்பிய அதே வாரத்தில் வயிற்றில் இருந்தது தங்காமல் போயிற்று. இளவரசு ஏவுதளத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே நின்று, உள்ளான் போய்ச் சேரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் கண் கலங்கவில்லை. உள்ளான் போய்ச் சேர ஏழு வருடம் ஆயிற்று. போய்ச் சேர்ந்த பிறகு வளையங்களையும் நிலாக்களையும் வருடக்கணக்கில் படம் பிடித்து அனுப்பியது, ஒரு நிலாவின் பனித்தரை வெடிப்புகளிலிருந்து நீராவி பீய்ச்சியடிப்பதைப் பார்த்து நாங்கள் கேன்டீனில் கேசரி கிண்டிச் சாப்பிட்டோம். அந்த அப்புறம் மட்டும் வரவேயில்லை. வருவதற்கான வயது கடந்துபோயிற்று. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சனியில் வேலை முடிந்ததும் உள்ளானை அதற்கும் அப்பால் போகும்படி திருப்பிவிட்டார்கள். போகிற வழியில் அது விண்மீன்களுக்கு நடுவே கிடந்த ஒரு கறுத்த மேகத்தைப் படம் பிடித்தது. படத்தில் சுற்றிலும் விண்மீன்கள் கொட்டிக் கிடந்தன, நடுவில் ஒன்றுமே இல்லை. அதுதான் கடைசிப் படம். அதன் பிறகு உள்ளான் பேசவில்லை. நாங்கள் நீண்ட காலம் கூப்பிட்டுப் பார்த்தோம். கடைசியில் பயணம் முடிந்தது என்று தலைமையகம் அறிவித்த அன்று தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். இளவரசுவை நிற்க வைத்து, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் வாயைத் திறந்தார், அழுதார். தோள் குலுங்க, மூக்கு ஒழுக, கைக்குட்டையைத் தேடக்கூடத் தோன்றாமல் அழுதார். குடியிருப்பு மன்றத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கயற்கண்ணி எங்களோடு இருந்தாள். கடைசிவரை பார்த்தாள். முடிந்ததும் தான் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. எங்களோடு பேசினாள், சிரித்தாள், ஊறுகாய் கொடுத்தனுப்பினாள்.

இளவரசு இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். தொலைவில் இருக்கும் விண்கலத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது தானாகவே எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு, சூரியன் பக்கமாகத் திரும்பி, உயிரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் அதற்கு எதையும் அனுப்பக் கூடாது. கேள்விமேல் கேள்வி கேட்டால் மிச்சமிருக்கும் கொஞ்ச சக்தியும் பதில் சொல்வதில் போய்விடும். அதுவாக வாய் திறக்கும்வரை காதை மட்டும் திறந்து வைத்திருக்க வேண்டும். அவர் மனைவிக்கும் அதையே செய்தார். கேட்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை, தொடவில்லை, கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். அது பொறுமையா பயமா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. உள்ளேயிருந்து பார்த்தாலும் அப்படித்தானோ என்னவோ.

மேகம் வந்து ஒரு மாதம் போல ஆகியிருந்த ஒரு முற்பகலில், அங்கயற்கண்ணியின் அடுப்படியில் பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் அவளோடு தோள் உரச நின்று மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அங்கயற்கண்ணி எண்ணெயைக் காயவைத்துவிட்டு, டீச்சரின் காதில் குனிந்தாள்.

"ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கப் போறேன் டீச்சர். கேட்டதும் எந்திரிச்சு வந்தாருன்னா இருக்கேன். இல்லைன்னா பெரியகுளத்துல தங்கச்சி வீட்டோட போயிருவேன். பை கட்டி வச்சிட்டேன்."

டீச்சர், அதற்கு நேராகப் போய் அவர் காதிலேயே சொல்லிவிடலாமே அக்கா என்றாள்.

"காதுல போயிச் சொன்னா அது கூப்பிட்டதா ஆகுமா? நாம இருக்குற எடத்துலருந்து கூப்பிடணும். அவரு வரணும்."

பிறகு அவள் கடுகை எண்ணெயில் போட்டுவிட்டு, கூடத்துப் பக்கம் திரும்பி, எல்லா வீட்டிலும் எல்லா மனைவிகளும் கூப்பிடும் சாதாரணக் குரலில், "இங்க கொஞ்சம் வாங்களேன்" என்றாள்.

அந்த வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளமானவை. முன்னால் கூடம், நடுவில் ஓர் அறை, பின்னால் அடுப்படி, மூன்றுக்கும் கதவுகள் ஒரே நேர்கோட்டில். அடுப்படியிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும். சொல் புறப்பட்டுவிட்டது. டீச்சர் முறைப்படி கூடத்துக்குப் போய், தொலைக்காட்சியைப் பார்த்து உட்கார்ந்திருந்த இளவரசுவின் காதில், அக்கா உங்களுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள், வந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எந்த இடத்தில் நின்று சொன்னாள், எந்தப் பக்கம் திரும்பி, எத்தனை மணிக்கு என்று கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து நாற்காலியைத் தூக்கி அடுப்படியைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். மறுநாள் இயக்குநரின் அறைக்குப் போய் விடுப்பு சொன்னார். உள்ளான் கிளம்பிய காலத்திலிருந்து அவர் விடுப்பு எடுத்து நாங்கள் பார்த்ததில்லை. இயக்குநர் காரணம் கேட்கவில்லை, ஊருக்கே தெரிந்திருந்தது. என்ன சொல் என்றும் ஊருக்குத் தெரிந்திருந்தது. டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறாள், அது உண்மையாகவும் இருக்கலாம். கொஞ்ச நாளாக ஒருவர் காதுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் நாங்கள் சொல்லாததையும் கேட்கப் பழகியிருந்தோம்.

அதன் பிறகு அந்த வீடு வழக்கம்போலத்தான் நடந்தது. அங்கயற்கண்ணி சமைத்து நடு அறை மேசையில் தட்டு வைத்தாள், அவர் வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சொல் நடு அறைக்கு வந்துவிட்ட நாட்களில் இருவரும் அதை உடைத்துவிடாமல் சுவரோரமாக, சேலையையும் வேட்டியையும் ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போகிறவர்கள் மாதிரி இருந்தது என்று டீச்சர் சொன்னாள். சொல்லிவிட்டு, தான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்றாள்.

முறையை மீறியவர் முத்தையாதான். டீ கொண்டுபோன சாக்கில் இளவரசுவின் காதில் குனிந்து, சார், என்னன்னு எல்லாருக்கும் தெரியும், எழுந்து உள்ளே போங்க, அவ்வளவுதான் வேலை என்றார். இளவரசு டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முத்தையாவின் தோளைப் பிடித்துக் குனியவைத்தார்.

"எனக்கு அவ கொரல் வேணும் முத்தையா. எத்தன நாளாச்சு. நான் எதுக்க நடந்து போனா ஒடஞ்சிரும். பாதிதான் கெடைக்கும்."

ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லட்டுமா என்று முத்தையா கேட்டார். எழுத்தில் குரல் இருக்காது என்று அவர் சொல்லிவிட்டார். கேன்டீனுக்குத் திரும்பிய முத்தையா, படித்தவன் புத்தி என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிக்காமல் பாத்திரம் கழுவப் போனார்.

அங்கயற்கண்ணிக்கும் இது தெரிந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அவள் டீச்சரின் காதில், பாதி சிரிப்போடு, "கல்யாணம் ஆகி இவ்வளவு வருசத்துல இத்தன நேரம் என்னையப் பாத்துக்கிட்டு இருந்ததில்ல டீச்சர். வெங்காயம் உரிக்கக்கூட வெக்கமா இருக்கு" என்றாள். அந்த நாட்களில் அவள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள் என்றும் வைத்துக்கொள்ளவில்லை என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நான் கவனிக்கவில்லை. வரட்டும், வந்து சேரட்டும், கேட்டதும் எழுந்திருக்கிறாரா என்று பார்ப்போம் என்று அவள் காத்திருந்தாள். அவர் அங்கே காத்திருந்தார், அவள் இங்கே காத்திருந்தாள், நடுவில் அது வந்துகொண்டிருந்தது. பை கதவுக்குப் பின்னால் கட்டியபடியே இருந்தது.

பங்குனி பாதி கடந்தபோது சொல் கூடத்துக் கதவைத் தாண்டியது. ஊரில் வேலை ஓடவில்லை. அலைவாங்கியில் முறைக்கு இருந்தவர்களைத் தவிர மற்றவர்கள் ஏதாவது காரணம் வைத்துக்கொண்டு அந்த வீட்டு வழியாகப் போனோம், வந்தோம். உள்ளே போகவில்லை, கதவு திறந்திருந்தது, தெருவிலிருந்தே எல்லாம் தெரிந்தது. அது வந்து சேர வேண்டிய நாளுக்கு முன்தினம் அவர் முகச்சவரம் செய்திருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். சாப்பிடக்கூட எழவில்லை, முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, அடுப்படியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் அங்கயற்கண்ணி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள், டீச்சர் அவள் அருகே நின்றாள்.

முற்பகலில் அது வந்து சேர்ந்தது. எப்படித் தெரிந்தது என்றால், அவர் முகம் மாறியது. கண் விரியவில்லை, புன்னகை வரவில்லை, ஆனால் பல வருடமாக இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்றைத் தாடைக்குப் பக்கத்தில் விட்டுவிட்ட மாதிரி இருந்தது. தெருவில் நாங்கள் நின்றுவிட்டோம். அடுப்படியில் அவளும் பார்த்துவிட்டாள். கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கதவுக்கு நேராக, அவர் வந்தால் முதலில் கண்ணில் படும் இடத்தில் வந்து நின்றாள்.

அவர் எழவில்லை. வலது கை முழங்காலிலிருந்து மெல்ல உயர்ந்தது. உள்ளங்கை அடுப்படியைப் பார்த்து விரிந்து, தோள் உயரத்தில் நின்றது.

அது என்ன என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டுப்பாட்டு அறையில், தொலைவிலிருந்து வந்துகொண்டிருக்கும் சொல் முடிந்த மாதிரி தோன்றும்போது மூத்தவர் அப்படித்தான் கையை உயர்த்துவார். யாரும் நாற்காலியை இழுக்கக் கூடாது, இருமக் கூடாது, இன்னும் மிச்சம் இருக்கலாம் என்று பொருள். பல தடவை இருந்திருக்கிறது. அவர் மிச்சத்துக்காகக் காத்திருந்தார். கூப்பிட்டவள் கூப்பிட்டதோடு நிறுத்தியிருக்க மாட்டாள், இத்தனை காலம் பேசாதவளுக்குச் சொல்ல இன்னும் இருக்கும், அது பின்னால் வந்துகொண்டிருக்கும், தான் எழுந்தால் நாற்காலி கிரீச்சிடும், அது உடையும் என்று அவர் நினைத்தார். எனக்கு அது அப்படியே தெரிந்தது, ஏனென்றால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என் கையும் உயர்ந்திருக்கும்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். குடியிருப்பில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு அது என்ன கை என்று தெரிந்துதான் இருக்கும். ஆனால் மன்றத்தில் தொலைக்காட்சியில் பார்த்ததையும், ஆஸ்பத்திரியில் கட்டில் அருகே பார்த்ததையும் போலவே இதையும் கடைசிவரை பார்த்தாள். பால் பொங்கி மேலே வந்தது. திரும்பி அடுப்பை அணைத்தாள். பொங்கி வழிந்ததைக் கரித்துணியால் துடைத்து, துணியை அலசிப் பிழிந்து, குழாயின் மேல் விரித்தாள். அவர் கை அப்படியே இருந்தது. அவள் கதவுக்குப் பின்னாலிருந்து பையை எடுத்துக்கொண்டாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து, காதில் வாய் வைக்கப் போனாள். அங்கயற்கண்ணி தலையை மட்டும் கொஞ்சம் விலக்கிக்கொண்டாள். பின்வாசல் வழியாக இறங்கி, மாட்டுக்கொட்டகை தாண்டி, குடியிருப்பின் கீழ்க்கதவருகே பெரியகுளம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். வழியில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி நின்று தலையசைத்தோம். அவளும் தலையசைத்தாள். கடைக்குப் போகிறவளின் முகமாகத்தான் இருந்தது.

இளவரசு கையை இறக்கியபோது வெயில் கூடத்துக்குள் வந்திருந்தது. எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, இப்போது சுவரோரமாக ஒதுங்க வேண்டியதில்லை என்பதால் நடு அறையின் நடுவாகவே, நேராக, வேகமாக நடந்து அடுப்படிக்கு வந்தார். டீச்சர் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது என்று அவள் சொன்னாள். அவள் காதில் குனிந்தார்.

"முழுசா வந்துச்சு டீச்சர். பின்னால கடுகு வெடிக்கிற சத்தம்கூட இருந்துச்சு. என்னையக் கூப்பிட்டிருக்கா. எங்க அவ?"

டீச்சர் பின்வாசலைக் காட்டினாள். அவர் படியில் இறங்கி நின்று பார்த்தார். பள்ளத்தின் கீழே, மேகத்தின் ஓரத்தில், பஸ் திரும்பி நின்றுகொண்டிருந்தது, கடைசியாக ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல், முழங்கால் சரியில்லை, ஓடினாலும் எட்டியிருக்காது. அவர் ஓடவில்லை. படியிலேயே நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, தொண்டை நரம்பு புடைக்க, ஏதோ ஒன்றைச் சொல்லிக் கத்தினார்.

என்ன என்று பக்கத்தில் நின்ற எங்களுக்குக்கூடக் கேட்கவில்லை. பஸ் கிளம்பியது.